மச்சானை விழுங்கிய பத்துக்கு எட்டு

எனக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில்கூட பஸ் வரும் திசையில் நாலடி நடந்து பார்ப்பேன். அப்படி நடந்தால் அது சீக்கிரம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். இந்த லட்சணத்தில் ஒரு குடும்பப் போட்டோவுக்கு பிரிண்ட் போடும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி செல்வியின் அண்ணன், தணிகாசலம். பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் நெல் வயல், ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். எங்கள் கல்யாணத்தில் தன் சிநேகிதர்களை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர், அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் பேச்சை எடுத்தாலே செல்வி அழுவாள். மகளுக்குக் காது குத்தும் நாள் வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? செல்வி நேரில் போய் நின்று கூப்பிட்டாள். மனுஷர் இறங்கி வந்தார். பெரியபாளையத்தம்மன் கோயிலில் மருமகளை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைவிட அதிகமாக அழுதார்.

காது குத்தி முடிந்ததும் வரிசையாக நின்றோம். இடது ஓரத்தில் மச்சான்; பக்கத்தில் குழந்தையோடு செல்வி; குழந்தையின் மொட்டைத் தலையில் மச்சான் நீட்டி வைத்த கை. அப்புறம் உறவுக்காரர்கள். பூக்கடைக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து வலது ஓரத்தில் நான். அடுத்த ஞாயிறு மச்சான் வீட்டில் விருந்து. இந்தப் போட்டோவை ஃப்ரேம் போட்டு அவருக்குக் கொடுக்கலாம் என்றாள் செல்வி. உடனே அங்கேயே ஒரு கடையில் ஃப்ரேமை வாங்கிவிட்டேன். பத்துக்கு எட்டு அங்குலம், தங்க நிறத்தில் தடித்த விளிம்பு. (போட்டோவின் அளவைப் பார்த்துத்தான் ஃப்ரேம் வாங்குவார்களாம். செருப்பை வாங்கிவிட்டுக் காலை வெட்டுகிற ஆள் நான்.)

புதுவாயலில் ஸ்டூடியோ வைத்திருந்த பாபு அண்ணன் போனையும் ஃப்ரேமையும் வாங்கிப் பார்த்தார்.

"போட்டோ நீட்டமா கீது, ஃப்ரேமு கட்டையா கீது. சைடுல வெட்டுனாதான் உக்காரும். இன்னா வேணும், இன்னா வேணாம்னு நீயே கட் பண்ணி அனுப்புப்பா."

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே அதைச் செய்தேன். வலது பக்கம் என் புதுச் சட்டையின் கை வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டேன். இடது பக்கக் கோட்டை மச்சானின் முகத்தை ஒட்டித் தள்ளினேன். தோள் போனால் போகிறது, முகம் இருக்கிறதே! பத்துக்கு எட்டு என்ற கணக்கைப் போனிலேயே வைத்து வெட்டலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கண் மதிப்புதான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் அனுப்பியும் விட்டேன்.

நான் வெட்டிய பிறகும் படம் நீட்டமாகவே இருந்திருக்கிறது. ஸ்டூடியோ கம்ப்யூட்டர் தாளை நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் வெட்டியது. என் சட்டைக் கையும் மச்சானின் பாதி முகமும் போயின. மீதி முகத்தை ஃப்ரேமின் விளிம்பு மூடிக்கொண்டது. ஆக, மச்சானைத் தவணை முறையில் இழந்தேன். ஞாயிறு காலை, கலர் பேப்பர் சுற்றிய பொட்டலத்தை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் விருந்துக்கு ஓடினேன்.

இலை போட்டு பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் மச்சான் பொட்டலத்தைப் பிரித்தார். படத்தில் என் மகளின் மொட்டைத் தலை. அதன்மேல் எங்கிருந்தோ நீண்டு வந்த ஒரு கை.

"யாரு கை இது?" என்றார் பந்தியில் ஒருவர்.

"எங்கூட்டுக்காரரு கைதான். மோதிரம் தெர்தில்ல?" என்றார் மச்சானின் மனைவி கமலா அக்கா.

மச்சான் ஃப்ரேமைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். (அங்கேயாவது இருக்கிறோமா என்று தேடினாரோ என்னவோ.)

"இன்னா மாப்ள, என்னை வெட்டிட்டு எங்கிட்டயே குடுக்க வந்துகிறியா? புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

இலையில் கை வைக்காமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். செல்வி என்னிடம் வந்தாள்.

"எங்கண்ணன் சாப்புடாம நான் வரமாட்டேன். நீ மட்டும் ஊட்டுக்குப் போய்க்கோ."

அவள் சொன்னால் செய்வாள். ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு பைக்கில் புதுவாயலுக்குப் பறந்தேன்.

"அண்ணா, பெரிய பேஜாராப் பூட்ச்சு! ஒருத்தரையும் வெட்டாம முழுசா போடு!"

"மேலயும் கீழயும் வெள்ளையா காலி உடணும்பா."

"வெள்ளை வேணாம். அப்புறம் அதுக்கு வேற கோச்சுக்குவாரு. ஃப்ரேமு ரொம்பணும்."

"அப்போ ரெண்டு பக்கமும் அமுக்கித்தான் போடணும். பாக்க சகிக்காது."

"அமுக்குண்ணா!"

புது பிரிண்ட்டை ஃப்ரேமில் மாட்டிக் கொடுத்ததும், பார்க்காமலே வாங்கிக்கொண்டு ஓடினேன். பாபு அண்ணன் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். நான் அதற்குள் பைக்கை எடுத்துவிட்டேன்.

மச்சான் மோட்டார் கொட்டகைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஃப்ரேமை நீட்டினேன். அப்போதுதான் நானும் பார்த்தேன். எல்லோரும் இருந்தோம், புடலங்காய்ப் பந்தலில் தொங்குகிற மாதிரி. மகளின் உருண்டை மொட்டை வெள்ளரிக்காயாகியிருந்தது. மச்சானுக்குத் தொப்பையே இல்லை. இன்றோடு உறவு முடிந்தது என்று நினைத்தேன்.

கமலா அக்கா எட்டிப் பார்த்தார். "டாக்டரு எளைக்கச் சொல்லிச் சொல்லி ஓஞ்சே பூட்டாரு. மாப்ள ஒரே நாள்ல எளைக்க வெச்சிட்டாரே!"

முதலில் மச்சானின் தொப்பை குலுங்கியது. அப்புறம் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, என் கழுத்தில் கையைப் போட்டு இழுத்தார். "வா மாப்ள, சோறு ஆறிப் போவுது." பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது நானும் அழுதேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளை விட்டுப் போட்ட ஒழுங்கான பிரிண்ட் பிறகு வந்தது. அது எங்கள் வீட்டில் இருக்கிறது. புடலங்காய் பிரிண்ட்டை மச்சான் தன் கூடத்திலிருந்து இறக்க விடுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "நான் எளைச்சிருந்தப்போ எடுத்தது" என்கிறார். எந்த விசேஷத்தில் போட்டோ எடுத்தாலும் அவர் நட்டநடுவில் போய் நின்றுகொண்டு, "மாப்ளைய ஓரத்துல நிக்க வைங்க! வெட்டுனா அவரே போவட்டும்" என்று குரல் கொடுக்கிறார். அந்த உத்தரவு இன்றுவரை அமலில் இருக்கிறது. இப்போது படங்களை அளவு பார்த்து வெட்டுவது, அன்று காது குத்திக்கொண்ட என் மகள்தான். போன பொங்கல் படத்தில் எனக்கு ஒரு காதும் பாதி மீசையும் கிடைத்திருக்கின்றன. அதுவும் அவள் இரக்கப்பட்டு விட்டுவைத்ததாம்.