என் பேத்தியை யாரும் மீட்கவில்லை

மதிப்புமிக்க பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை விடாமல் படிக்கும் ஒரு பாட்டி எழுதிக்கொள்வது. நீங்களும் அச்சுக்கூடத்தில் உள்ள அனைவரும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாகக் கண்பார்வை.

எங்கள் குடும்பத்தை நீங்கள் அறியமாட்டீர்கள். மூத்த பேரன் பல் டாக்டர், ஊரில் பாதிப் பேர் அவனிடம்தான் வாயைத் திறக்கிறார்கள். இரண்டாவது பேத்தி வங்கி மேலாளர், முப்பத்தொரு வயதிலேயே தனி அறை. மூன்றாவது பேரன் இன்ஜினியர், அவன் கட்டிய இரண்டு பாலமும் இன்றுவரை நிற்கின்றன. கடைக்குட்டி என் மகன் வயிற்றுப் பேத்தி. கயாக் என்ற ஒற்றை ஆள் துடுப்புப் படகில் கடலோரமாகத் தன்னந்தனியாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர் போனவள். அவளைத்தான் செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் 'கடலில் தத்தளித்த பெண் மீட்பு' என்று போட்டுவிட்டீர்கள்.

ஐயா, அது கடல் வழிகாட்டி உரிமத்துக்கான கடைசிப் பரீட்சை. யார் உதவியும் இல்லாமல் கரையேற வேண்டும். பரீட்சை அதிகாரி உங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மீட்கப்பட்டவங்களுக்கு உரிமம் தர முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை முடிவு. அதற்குள் திருத்தம் வர வேண்டும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், பிழை இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளவும்.

திங்கட்கிழமை விடியும்போதே கிளம்பினாள். படகுக்குள் தண்ணீர் புகாமலிருக்க இடுப்பில் ரப்பர் பாவாடை ஒன்றை மாட்டி, அதைப் படகின் வாயோடு இறுக்கிக்கொள்கிறாள், பாவாடை கட்டுகிறாளே என்று நானும் ஒருவழியாகச் சமாதானமானேன். போகும்போது, "பாட்டி, அஞ்சு மணிக்குள்ள கரையேறிட்டேன்னு மெசேஜ் வரும். வரலேன்னா மட்டும் மீட்புப் படைக்குப் போன் பண்ணு. அதுக்கு முன்னாடி நீ போனையே தொடக் கூடாது" என்றாள். நான் தொடவில்லை. ஐந்து ஆனதும்தான் தொட்டேன். இதில் ஒரு சின்ன விஷயம், இவள் எங்கே போனாலும் தாமதமாகக் கிளம்புகிறாள் என்று சமையலறைக் கடிகாரத்தை நாலு வருஷமாக நாற்பது நிமிடம் கூட்டி வைத்திருப்பவள் நான்தான், வீட்டில் எல்லோரும் மனதுக்குள் கழித்துக்கொள்வோம், அன்றைக்கு அவசரத்தில் எனக்குக் கழித்தல் வரவில்லை. மகன் வந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, "அம்மா, மணி இன்னும் நாலரைகூட ஆகலம்மா!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தான்.

கரையில் போய்ப் பார்த்தால் இவள் அலை உடையும் இடத்துக்கு அந்தப் பக்கம் வாத்து மாதிரி மிதந்துகொண்டு பிஸ்கட் தின்கிறாள். பெரிய அலைகள் ஏழெட்டு சேர்ந்தாற்போல் வரும், பிறகு சற்று ஓயும், அந்த ஓய்வில்தான் கரைக்கு வர வேண்டுமாம், அதற்காகக் காத்திருந்தாள். தத்தளிக்கிறவள் பிஸ்கட் தின்பாளா ஐயா? அதற்குள் என் போனால் வந்த மீட்புக்காரர் ரப்பர் படகில் பாய்ந்து போய், "ஏம்மா, கயித்தப் பிடி, பயப்படாத!" என்கிறார். "நான் நல்லாத்தான் இருக்கேண்ணே, நீங்க மொதல்ல அலைக்கு முதுகைக் காட்டாதீங்க!" என்று இவள் கத்துகிறாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அலை வந்து அவர் படகைத் தோசை மாதிரி திருப்பிப் போட்டது. படகு தனியாகக் கரைக்கு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. இவள் துடுப்பைப் போட்டு அவரிடம் போய், "என் படகு வால் பக்கம் கைப்பிடி இருக்கு, பிடிங்கண்ணே, காலை உதைங்க, பேசாதீங்க, தண்ணி குடிச்சிருவீங்க" என்று அதட்டி, அலை ஓய்ந்ததும் அவரையும் இழுத்துக்கொண்டு கரையேறினாள். இருவருக்கும் போர்வை போர்த்தினார்கள். அவர் நிற்க முடியாமல் இவள் தோளைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து உங்கள் போட்டோகிராபர் படம் எடுத்து, 'நடுங்கிய பெண்ணைத் தேற்றும் வீரர்' என்று போட்டுவிட்டார். நடுங்கியது யார் என்று படத்தில் அவர் காலைப் பார்த்தாலே தெரியுமே!

ஆகவே பெண்தான் வீரரை மீட்டாள் என்று அதே பக்கத்தில் அதே பருமன் எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, நீச்சலும் கற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கரையில் நேரில் பார்த்த பாட்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பேத்தி பிடுங்கிப் படித்துவிட்டாள். மீட்புக்காரர் இன்று காலையில் தாமாகவே பரீட்சை அதிகாரியிடம் போய், "அந்தப் பொண்ணுதான் சார் என்னைக் கரை சேத்துச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம், உரிமம் உறுதியாம். திரும்பும் வழியில் இவளைப் பார்த்து, "என் மக அந்தப் பேப்பரப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிட்டாம்மா, பேப்பர்ல மட்டும் மாத்திப் போட வேணாம்" என்றாராம். இவள் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். எனவே மேலே எழுதியதில் ஒரு வரியும் போட வேண்டாம், மீட்கப்பட்டவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் படத்தில் போர்வைக்கு வெளியே அவள் மூக்கு மட்டும்தான் தெரிகிறது. தயவுசெய்து போட்டோகிராபரை அனுப்பி, அவள் படகைத் தோளில் வைத்து நிற்பது போல் புதிதாக ஒரு படம் எடுத்து, பெரிய அளவில், எனக்குத் தபாலில் அனுப்பவும். கூடத்தில் ஆணி அடித்தாயிற்று.