கத்துற டயர் நல்லது சேர்

ஹட்டனில் கடை திறந்தவர்களில், சரக்கை விற்காமல் இருப்பதற்கு டயரக்கா பட்ட பாட்டை வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். முன்சக்கரத்துக்கு ஒரு டயர் வாங்கப் போன ஆட்டோக்காரர் ஒருவர், அரை மணி நேரக் கேள்விகளுக்குப் பிறகு வெறுங்கையோடு வெளியே வந்து, "நான் ஆட்டோதான் ஓட்டணுமான்னு யோசிக்கிறேன்" என்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். ராகலையிலிருந்து ஆறு டயர் கேட்டு வந்த மரக்கறி லொறிக்காரர், "சுமையைக் குறைங்க, பழசே போதும்" என்ற புத்திமதியை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

அக்காவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். தோட்டத்து லொறி டிரைவரின் மகள், கராஜிலேயே வளர்ந்தவர். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் காற்று அளக்கும் கேஜ். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவரும் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

நான் அப்போது ஹட்டனில் கணித வாத்தியார். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "அத்தான் முப்பதுக்கு மேல காரை விரட்டி நான் பார்த்ததில்ல" என்றான். நானும் ரோஷத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். மறுவாரமே ஏப்ரல் சீசன் கார்ப் பந்தயத்தில் என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தான். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை அது. சாதாரண ரோட்டுக் கார்களுக்கென்று ஒரு பிரிவு. பன்னிரண்டு சுற்று, மொத்தம் பதினைந்து கிலோமீட்டர்.

மனைவி கலாவுக்கு அப்போது ஏழு மாதம். "ஓடுறதுன்னா ஓடுங்க" என்றாள். "ஆனா திங்கக்கிழமை நுவரெலியாவுல எனக்கு கிளினிக். காரும் நீங்களும் முழுசா வந்து சேரணும்."

அந்தப் பயத்தில்தான் டயரக்காவிடம் போனேன்.

"அக்கா, ரேஸுக்கு எந்த டயர் நல்லது?"

"காரை லொறியில ஏத்திக்கிட்டுப் போறீங்களா, ஓட்டிக்கிட்டுப் போறீங்களா?"

"ஓட்டிக்கிட்டுத்தான்."

"அப்ப ரேஸ் உங்க வீட்டு வாசல்லயே ஆரம்பிச்சிருது சேர்."

எனக்குப் புரியவில்லை. அக்கா குனிந்து என் பழைய டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைத் தடவிப் படித்தார். செய்த வாரமும் வருடமும் அதில் இருக்குமாம். "எட்டு வயசு. பார்க்கத்தான் புதுசு. உள்ளுக்குக் கல்லாயிருச்சு" என்று சொல்லிவிட்டு, கடையில் வேலை செய்யும் சுனிலைக் கூப்பிட்டார்.

முதலில் பந்தயத்துக்கென்றே செய்த மெத்தென்ற டயர் வந்தது. நகத்தால் அழுத்தினேன்; பள்ளம் விழுந்தது. சுனில் நான்கையும் பூட்டி முடித்தார். அக்கா காரைச் சுற்றி வந்தார்.

"இது ரோட்டை அட்டை மாதிரி புடிக்கும். ஆனா சூடு ஏறணும். நுவரெலியாவுல சூட்டுக்கு எங்க போறது? மழை வந்தா தண்ணி வெளியேற இதுல வழியும் இல்ல. கழட்டு சுனில்."

அடுத்து ஒரு கெட்டி டயர்.

"இது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும் சேர்."

"நல்லதுதானே?"

"ரேஸ் எவ்வளவு தூரம்?"

"பதினஞ்சு கிலோமீட்டர்."

"அப்ப இது எதுக்கு? வளைவுல புடிக்காது. கழட்டு சுனில்."

சுனில் ஜாக்கின் மேல் கையை வைத்தபடி, "அக்கே, கழட்டுறதா, பூட்டுறதா, ஒன்னு சொல்லுங்க" என்றார். என் மனதில் இருந்ததும் அதுதான்.

மூன்றாவதாக வந்தது சாதாரண ரோட்டு டயர். ஆழமான வெட்டுகள், ஓரளவு மெத்தென்ற ரப்பர்.

"இது கத்தும் சேர்."

"கத்துறது நல்லதா, கெட்டதா?"

"நல்லது. முதல்ல பூட்டுனது கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருந்து, சொல்லாமக் கொள்ளாம விட்டுரும். இது வளைவுல புடியை விடுறதுக்கு முன்னாடி கத்தும். கத்துனா நீங்க காலை எடுக்கணும்."

"கத்தாட்டி?"

"கத்தாட்டி நீங்க மெதுவாப் போறீங்க."

"ரொம்பக் கத்துனா?"

"அதுவும் கெட்டது."

பிறகு என் சட்டைப் பையிலிருந்த சோக்குக் கட்டியை எடுத்து, ஒவ்வொரு டயரின் விளிம்பிலும் மூன்று வெள்ளைக் கோடு போட்டார். வளைவில் டயர் எவ்வளவு சாய்கிறது என்பதை, கோடு அழிவதை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். "ஓட ஓடக் காத்து சூடாகி ஏறும். அதனால முதல்ல குறைச்சு வைக்கணும். ஏறுனா எறக்கணும். முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது திரும்ப ஏத்தணும்." நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். இரவு படித்துப் பார்த்தேன். ஒரு வரியும் விளங்கவில்லை.

பந்தயத்தன்று என் காரைச் சுற்றி ஒரு கூட்டம். டயரில் இருந்த மூன்று கோட்டை விபூதிப் பட்டை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் முன்சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். இன்னொருவர் எந்தக் கோயிலுக்கு நேர்த்தி என்று விசாரித்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்கும்போதே, கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் வந்திறங்கிய டயரக்கா தேங்காய்த் தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "ரெண்டு ரவுண்டு மெதுவாப் போங்க. டயர் முழிக்கட்டும்" என்றார்.

இரவல் ஹெல்மெட்டோடு கிளம்பினேன். முதல் வளைவிலேயே நாலு டயரும் கத்தின. வாத்தியார் வராத வகுப்பு மாதிரி ஒரு சத்தம். பயந்து காலை எடுத்தேன். அடுத்த வளைவிலும் கத்தின, எடுத்தேன். எட்டுக் கார்கள் என்னை முந்திப் போயின. மெத்தென்ற டயர் பூட்டிய மச்சான் கையாட்டிக்கொண்டே போனான்.

ஆறாவது சுற்றில் மலையிலிருந்து பனி இறங்கியது, பின்னாலேயே தூறல். எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை, ஏற்கெனவே பயத்தில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் புல்லில் நிற்கத் தொடங்கினார்கள். ஒரு திருப்பத்தில் மச்சான் இடுப்பளவு தேயிலைச் செடிக்குள் நின்றுகொண்டு தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

நான் ஐந்தாவதாக வந்தேன். புறப்பட்டவர்கள் ஒன்பது பேர், முடித்தவர்கள் ஐந்து பேர். இது வெற்றியா தோல்வியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. டயரின் விளிம்பைத்தான் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போயிருக்கலாம்" என்றார். பிறகு, "போகாததும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை கலாவை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நானுஓயாவுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில், எதிரே வந்த பஸ் எங்கள் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கை ஒடித்தேன். நாலு டயரும் கத்தின. கத்தியதும் என் கால் தானாகக் கொஞ்சம் தளர்ந்தது, கார் வழுக்காமல் திரும்பி மண்மேட்டை ஒட்டி நின்றது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கலா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே கடைக்குப் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். எந்த வளைவு, ரோடு ஈரமா, காற்று எவ்வளவு இருந்தது என்று அடுக்குவார் என எதிர்பார்த்தேன். அவர் டயர் அடுக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"வீட்டம்மா பயந்துட்டாங்களா சேர்?"

அவர் என்னிடம் கேட்ட கேள்விகளில் டயருக்காகக் கேட்காதது அது ஒன்றுதான்.

இப்போது கண்டியில் இருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு. வீட்டுக்கு எதிரிலேயே பெரிய டயர்க் கடை இருக்கிறது. ஆனாலும் டயர் மாற்ற வேண்டிய நாள் வந்தால், ஹட்டனுக்குப் போகலாமா என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, அக்காவுக்குக் கொண்டுபோகவென்று கலா தொதல் அல்வா கிண்டி வைத்துவிடுகிறாள்.