எங்கள் ஊரைச் சிவப்பாக்கிய கதை

கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று சொல்கிறவர்கள் யாரும் என்னை வேலைக்கு வைத்துப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாரும் பெங்களூர் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நான் ஏறியது சித்தூர் பஸ். ஆந்திர மாநிலம் முழுக்க சிக்குன்குனியா பரவியிருந்தது. எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுத்து, தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குள் ஹைதராபாத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் மாவட்டக் கணக்கை அனுப்புகிற பொறுப்பு, கொசு ஒழிப்பு ஆபீசில் ஒப்பந்தத்தில் சேர்ந்த எனக்கு. (ஆபீசில் ஒரே கம்ப்யூட்டர்தான். அதைத் தொடத் துணிந்த ஒரே ஆளும் நான்தான்.)

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் டாக்டர்களிடமிருந்தும் பேர், வயது, ஊர் எழுதிய தாள்கள் வரும். நான் தட்டச்சு செய்வேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஆர்வக்கோளாறு. இந்தக் கொசு ஏன் ஓர் ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊரைப் பிடிக்கிறது? மாவட்ட வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, காய்ச்சல் அதிகமான ஊர்களுக்குச் சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்ட ஆரம்பித்தேன்.

இரண்டே வாரத்தில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி ரத்தச் சிவப்பானது. முப்பத்தோரு பேர்! இருநூறு வீடுகூட இல்லாத அந்த ஊர், என் சொந்த ஊர்.

உடனே ஊர்க் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஊர்ல ஜொரம் ஜாஸ்தியா நைனா?"

"அங்கங்க கீது. நீ துன்னியா?"

"உனக்கு எப்படி கீது?"

"எனக்கு இன்னா, நல்லா கீறேன்."

ஊரில் காய்ச்சல் இருப்பதாக அப்பாவே சொல்லிவிட்டார், அவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் அதிகாரி மேடத்திடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்டிப்பான தெலுங்கம்மா. மாவட்டத்தில் வேலை செய்கிற நிலையில் இருந்த கொசுப்புகை மெஷின் ஒன்றே ஒன்று. அது மறுநாள் பலமனேர் என்ற ஊருக்குப் போவதாக இருந்தது. நான் பேசிய பேச்சில் ஜீப்பே திசை மாறியது. மேடத்தோடு நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஊரைக் காப்பாற்ற வருகிறவள் பின்சீட்டிலா உட்காருவாள்?

பள்ளிக்கூட வாசலில் ஊரே கூடிவிட்டது. பட்டியலை விரித்து, ரேஷன் கடையில் கூப்பிடுவதுபோலக் கணீரென்று வாசித்தேன்.

"முனுசாமி, நாற்பத்தெட்டு!"

எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு முனுசாமி உண்டு. கூட்டத்தின் நடுவில் ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, வளைந்து, மெள்ள எழுந்தார்.

என் அப்பா.

"நைனா!"

"ஒண்ணுமில்ல கண்ணு. லேசா முட்டி வலி. நீ படி, படி."

மேடம் என்னைப் பார்த்தார். அடுத்த பேரை வாசித்தேன். "முனிசுவாமி, ஐம்பத்திரண்டு!"

யாரும் வரவில்லை. அப்போதுதான் உட்கார்ந்திருந்த அப்பா மறுபடியும் கையூன்றி எழுந்தார்.

"அதுவும் நான்தாம்மா. சத்தியவேடு டாக்டராண்ட போனப்ப எழுதிக்கினாங்க."

"முனஸ்வாமி, ஐம்பத்தைந்து…"

"அது ஊசி போட வந்த நர்சம்மா எழுதினது."

"எம். சாமி… அறுபது?"

"திருப்பதில. அறுபதுன்னா வரிசைல முன்னாடி உடுவாங்கன்னு சொன்னாங்க, போட்டுட்டேன்."

நான்கு முறை எழுந்து உட்கார அவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஊர் சிரித்த சிரிப்பு ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். அதோடு முடியவில்லை. கோவிந்தம்மாவும் கோவிந்தம்மாளும் ஒருத்தி. சுப்ரமணியமும் சுப்புவும் ஒருவர். வலி நிற்காமல் மூன்று நான்கு இடம் போயிருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் தமிழ்ப் பேர் தெலுங்கில் ஏறி, ஆங்கிலத்தில் இறங்கி, என்னிடம் புது ஆளாக வந்திருக்கிறது. முப்பத்தோரு பேரைக் குறுக்கினால் ஒன்பது பேர். பெற்ற அப்பாவையே நான்காக எண்ணிய மகள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்க முடியும்.

"மீ இல்லு எக்கட?" என்றார் மேடம். வீட்டைக் காட்டச் சொல்கிறார். காட்டினேன். அவர் நேராகப் போய்த் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கினார். கொசுப்புழுக்கள் உற்சாகமாக நெளிந்துகொண்டிருந்தன.

அப்பாவைத் தனியாக இழுத்துக் கேட்டேன். "ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"நீ கொசு ஆபீசுல கீற. பெத்தவனுக்கே கொசு ஜொரம்னு தெரிஞ்சா, உன் வேலைக்கு ஆபத்து வந்துடுமோன்னு பயந்துட்டேன்."

தம்ளரைக்கூட ஒரு கையால் தூக்க முடியாத மனிதர் அப்படிச் சொன்னார். நான் போய் அந்த டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

மறுநாள் காலை ஜீப் பலமனேர் போனது. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள், பின்சீட்டில், புகை மெஷினுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு சந்தில் வீட்டுக்கு வீடு படுத்திருந்தார்கள். நிஜமான, தனித்தனியான ஆட்கள். பால் கறக்க விரல் மடங்காமல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார். "நேத்தே வர்றதா சொன்னாங்களே?"

நான் மெஷினை இறக்க ஒரு கை கொடுத்தேன்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். பழைய தாள்கள் அத்தனையையும் எடுத்து, ஒவ்வொருவரின் அப்பா பேர், வீட்டு அடையாளம் கேட்டு, ஆள் ஆளாகச் சரிபார்க்க வேண்டும். எட்டு நாள் ஆனது. தண்டனை என்று உட்கார்ந்தவள், மூன்றாம் நாளே சாப்பாட்டை மறந்துவிட்டேன். பயங்கரமாகத் தெரிந்த ஊர்கள் வெளுத்தன. யாருமே கவனிக்காத ஒரு நெசவாளர் தெரு, ஒரே பேர் என்று ஒருவராக எண்ணியிருந்தவர்களைப் பிரித்துப் பார்த்தபோது மெல்லச் சிவந்தது. மேடம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். உடனே ஜீப்பை அங்கே அனுப்பினார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

வீட்டில் யாரும் மறக்கவில்லை. எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், "எத்தினி பேருக்கு ஜொரம்?" என்று கேட்பார் அப்பா. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போன தம்பி, அச்சகத்திலிருந்தே போன் செய்தான்.

"நைனா, பத்திரிகைல எந்த முனுசாமிய போடறது?"

அப்பா யோசிக்கவே இல்லை.

"ஜொரம் இல்லாதவன போடுடா."