இருபத்தேழு குதிரையை விட்டுவிட்டு ஓடினேன்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரை ஊரில் எனக்கு வேறு பெயர். "நர்ஸக்காவுக்கு என்னா தைரியம்!" என்பார்கள். பத்து வருஷம் தீக்காய வார்டில் வேலை பார்த்தவள், எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்காதவள் என்று. உண்மை என்னவென்றால், அந்த வார்டில் வேலை பார்த்ததால்தான் எனக்குப் பயமே வந்தது. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது இன்றுவரை என் வீட்டுக்காரர் அந்தோணிதான். (ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். போகட்டும்.)

நாங்கள் ட்ராக்டர் பார்க்கப் போனதும் இந்தப் பயத்தால்தான். எம். புதுப்பட்டிக்கு வெளியே எங்களுக்கு ரெண்டரை ஏக்கர். எலுமிச்சை, முருங்கை, நடுவில் வீடு. கிழக்கே கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. வேலியில் ரெண்டு கல்தூணுக்கு நடுவே ஆள் நடக்க ஒரு வழி விட்டிருக்கிறோம். கம்பெனிப் பெண்கள் அது வழியாக வந்து எங்கள் போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடிப்பார்கள். அப்படியே என்னிடம் பிரஷரும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மழை முடிந்ததும் வேலியோரம் புல் முழங்கால் உயரம் நிற்கும். மாசி பிறந்தால் காய்ந்து சருகாகிவிடும். எவனாவது போகிற போக்கில் ஒரு பீடியை எறிந்தால் போதும், தீ எங்கள் பக்கம் பிடித்து அந்தப் பக்கம் போய்ச் சேரும். அங்கே நாற்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வேலியோரமாகப் பத்தடி அகலத்துக்கு உழுது வெறும் மண்ணாக வைத்திருக்க வேண்டும். வாடகை ட்ராக்டர்க்காரர்களோ, நான் பத்துத் தடவை போன் போட்டால் ஒரு தடவை எடுத்து, "நாளைக்கு வாரேன்க்கா" என்பார்கள். அந்த நாளை வருவதற்குள் எனக்குத் தூக்கம் போய்விடும்.

"நாமளே ஒரு மினி ட்ராக்டர் வாங்கிருவோம்" என்றேன் என் வீட்டுக்காரரிடம். இவுகளும் சரி என்றார்கள். தகராறு எந்த அளவு என்பதில்தான் வந்தது.

ஷோரூமில் ரெண்டு நின்றன. ஒன்று பதினெட்டு குதிரைத்திறன், ஒல்லியாக, சந்துக்குள் போகிற மாதிரி. இன்னொன்று இருபத்தேழு, நல்ல அகலம். பார்த்தவுடனே இவுக சின்னதன் மேல் கை வைத்துவிட்டார்கள்.

"இதுதான் எலுமிச்சை வரிசைக்கு நடுவுல போகும்."

"சின்னது கவுந்துரும்ங்க."

"எதுக்கு கவுறும்? நம்ம காடு என்ன மலையா?"

"பெருசுன்னா பிடிச்சு நிக்கும். மேல உக்காந்தா ஒரு தைரியம் இருக்கும்ல."

"இருக்கது ரெண்டரை ஏக்கரு. நீ என்ன ஏர்போர்ட்டுக்கு மண்ணடிக்கவா போற?"

ஷோரூம்காரர் நல்ல மனுஷன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் வாய் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தவர். "ரெண்டையும் உங்க காட்டுக்கே கொண்டாந்து இறக்குறேன். ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் இவுக சின்னதை ஓட்டினார்கள். மரத்துக்கு நடுவே போய், வேலியோரம் திரும்பி, ஒரு கிளைகூட ஒடியாமல் வந்து நிறுத்தினார்கள். அத்தோடு பேசாமல் சின்னதையே வாங்கியிருக்கலாம். எனக்கு எங்கே பொறுத்தது! வேலியோரம் தண்ணீர் பிடிக்க வந்த ரெண்டு பேர் பார்த்துக்கொண்டு வேறு இருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரியதில் ஏறிவிட்டேன். (அதுவரை நான் ஓட்டிய பெரிய வண்டி என் ஸ்கூட்டி.)

ஷோரூம்காரர் பக்கத்தில் நின்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பின்னால் கலப்பை எதுவும் மாட்டவில்லை, வெறும் வண்டிதான். அதில் கையால் வைக்கிற ஆக்ஸிலேட்டர் ஒன்று உண்டு. ஒரு தடவை வைத்துவிட்டால் அங்கேயே நிற்கும். நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். "காலுக்கு வேலையே இல்லம்மா, சொகமா போகலாம்" என்றார். சுகமாகத்தான் போனேன். வேலியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறேன், இன்னும் இருபது அடியில் திரும்ப வேண்டும். அப்போது முன்சக்கரத்துக்கு அடியில் கேட்டது.

டொப்!

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் "என்ன?" என்று கேட்க மாட்டார்கள். முதலில் ஓடுவார்கள். கேட்பதெல்லாம் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். பால்குடி மறக்கும் முன்னே பழகிவிடுகிற விஷயம் இது. நான் ஸ்டியரிங்கை விட்டேன். குதித்தேன். ஓடினேன். வண்டி கியரில் இருக்கிறது, ஆக்ஸிலேட்டர் வைத்தபடி இருக்கிறது, அது நேராகக் கம்பெனியைப் பார்த்துப் போகிறது என்பதெல்லாம் மண்டையில் ஏறவே இல்லை. கட்டிய புருஷன் எதிரில் நின்றார். அவரையும் தாண்டி ஓடினேன். "ஓடுங்க!" என்றுகூடச் சொல்லவில்லை. முப்பது வருஷம் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் பக்கத்தில் நின்ற காது அவருக்கு. அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. "ஏ புள்ள, செருப்பு!" என்று கத்தினார்.

ஓடுகிற ஓட்டத்தில் திரும்பிப் பார்த்தேன். ஐயோ சேசுவே! கம்பெனியின் அத்தனை ரூமிலிருந்தும் பெண்கள் ஓடி வருகிறார்கள். வெறுங்காலோடு, முந்தானை பறக்க, கம்பெனி கேட் வழியாக என் பின்னாலேயே! போச்சு, வெடித்தேவிட்டது என்று நினைத்தேன். என் கண்ணுக்குள் அந்த வார்டு வந்துவிட்டது. கட்டில்கள், மருந்து வாசனை, வாசலில் நின்று கத்துகிற ஆட்கள். இன்னும் வேகமாக ஓடினேன். நான் வேகமாக ஓடுவதைப் பார்த்து அவர்களும் வேகத்தைக் கூட்டினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் வந்துதான் நின்றோம். ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா... எந்த ரூமு?"

"என்னைக் கேக்க? உங்க ரூமுலதான வெடிச்சது?"

"எங்க ரூமுல ஒண்ணும் வெடிக்கலையே. நீங்கதான ஓடுனீக!"

"நீங்க ஏன் ஓடுனீக?"

"நீங்க ஓடுனீகளே, அதான் ஓடுனோம்! நர்ஸக்காவே ஓடுதாகன்னா அம்புட்டுப் பெருசா இருக்கும்னுல்ல நெனச்சோம்!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வண்டி! கல்தூணுக்கு நடுவே புகுந்து நேரே போனால் முதலில் வருவது வெடிமருந்து கலக்கிற ரூம். டீசல் வண்டி, சூடான சைலன்ஸர். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவுக வேறு அங்கேதான் நிற்கிறார்கள்.

பின்னாலேயே ஓடி வந்த கம்பெனி போர்மேன் தலைகளை எண்ணினார். நாற்பது. மறுபடி எண்ணினார். நாற்பதுதான்.

"முத்துமாரி எங்கன? செல்வி எங்கன?"

சிரிப்பெல்லாம் அப்படியே நின்றுபோனது. எழுந்து திரும்ப ஓடினேன், போர்மேனும் மற்றவர்களும் பின்னால். வந்தபோது ஓடியது பயத்தில். இப்போது ஓடியதும் பயத்தில்தான், ஆனால் இந்தப் பயம் வேறு. மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

ட்ராக்டர் ரெண்டு கல்தூணுக்கும் நடுவில் மாட்டி நின்றது. வழி நாலடி, வண்டி அதைவிட அகலம். உள்ளே போக முடியாமல் பின்சக்கரம் மண்ணைத் தோண்டிக் குழி பறித்திருந்தது. இவுக மேலே ஏறி, என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வந்த தடத்தில், இருபது அடி பின்னால், ஒரு தண்ணீர் பாட்டில், மூடி போட்டபடி நசுங்கிக் கிடந்தது. ஷோரூம்காரர் குடித்துவிட்டுப் போட்டது. அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முத்துமாரி!" என்று கத்தினேன். பேக்கிங் ரூமிலிருந்து சத்தம் வந்தது. அந்த ரூமுக்கு ரெண்டு வாசல். சீசன் ஆர்டர் என்று ஒரு வாசலை மறித்து அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டார்கள். இன்னொன்றின் பக்கத்திலும் அடுக்கு. எல்லோரும் விழுந்தடித்து ஓடியதில் அந்த அடுக்கு சரிந்து வாசலை அடைத்துவிட்டது. கடைசியில் இருந்த ரெண்டு பேரும் உள்ளே. கேட் வழியாக உள்ளே போய் எல்லோருமாகப் பெட்டியை இழுத்துப் போட்டோம். முத்துமாரி வெளியே வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். செல்வி அழுதாள்.

மேனேஜர் பைக்கில் வந்து இறங்கினார். யார் என்ன சொன்னார்களோ, நேரே என்னிடம் வந்தார்.

"படிச்சவக நீங்க. ஒரு பாட்டில் சத்தத்துக்கு அரை நாள் வேலையைக் காலி பண்ணிட்டீகளே! கொஞ்சமாச்சும் யோசிக்க வேண்டாமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். முத்துமாரிதான் எழுந்து வந்தாள். சேலையெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி.

"சார், பாட்டிலா இருக்கப்போயி நான் உசுரோட நின்னு பேசுதேன். நெசமா இருந்தா?"

மேனேஜர் அவளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, தானே முதல் பெட்டியைத் தூக்கினார். சாயங்காலத்துக்குள் ரெண்டு வாசலும் காலி. அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒரு பெட்டிகூட வைத்து நான் பார்த்ததில்லை.

பெரியதைத்தான் வாங்கினோம். "சின்னதா இருந்தா நேரா உள்ள போயிருக்கும், அகலமா இருக்கப்போயிதான் பிழைச்சோம்" என்று நான் வாதாடினேன். "நீ குதிக்காம இருந்தா எதுவுமே போயிருக்காது" என்றார்கள் இவுக. இருந்தாலும் பெரியதைத்தான் வாங்கினார்கள். கல்தூணில் உரசின கீறலோடு அதே வண்டியை. ஷோரூம்காரர் வேறு வழியில்லாமல் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

வீட்டில் இது தீராத கேலியாகிவிட்டது. கல்யாண வீட்டில் நான் கொஞ்சம் வேகமாக எழுந்தாலே என் மகள் ஜெனிட்டா, "அம்மா, மெதுவா எந்திரிங்க, மண்டபமே காலியாயிரும்" என்பாள். விருந்தாளி வந்தால் இவுக கதையைத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிய தூரம் கூடிக்கொண்டே போகிறது. போன மாதம், பஸ் ஏறிப் போகிற திருத்தங்கல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

மேனேஜரும் ஒரு சட்டம் போட்டார். நான் வண்டி எடுப்பதற்கு முன்னால் வேலியோரம் நின்று குரல் கொடுக்க வேண்டும். "நர்ஸக்கா வண்டி எடுக்காக!" என்று போர்மேன் கத்துவார். எல்லா வேலையும் நிற்கும், அத்தனை பேரும் வெளியே வந்து புளியமரத்து நிழலில் உட்காருவார்கள். டீ வரும். நான் உழுகிற லட்சணத்தைப் பார்த்து நாற்பத்தோரு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முத்துமாரி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.