நஞ்சுண்டன் பெயர் பிரிந்த படலம்

எண்ணெய் ஆலைகள் இரண்டைக் கட்டியாளும் ஏந்தலும், ஒலிவாங்கியைப் பற்றினால் உடும்பென விடாத உறுதியாளரும், சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருக்கும் என்னும் ஐயம் ஒருபோதும் தீண்டாத தூய செவியினருமான காங்கேயத்து நஞ்சுண்டன் நீடு வாழ்க.

அப்பெருமகன் கோவையில் ஆலை அதிபர் கூட்டமொன்றில், பசித்தோர் வயிறுகள் போர்முரசென அதிர, மதியச் சோறு ஆறிப் பனிமலையாகும் வரை முழங்கி ஓய்ந்தார். நன்றியுரைக்கு எழுந்தவர் பம்பு செய்யும் வெங்கடபதி. பட்டுறைக்குள் வாள் வைத்திருக்கும் பணிவாளர்.

"இத்தன நாளா நஞ்சுண்டன் ஒருத்தர்தான்னு நெனச்சுட்டிருந்தமுங்க. இன்னிக்கு இவரு பேச்சக் கேட்டதுக்கப்புறம் நாங்க அத்தன பேருமே நஞ்சுண்டவங்க ஆயிட்டமுங்க."

அரங்கு சிரிப்பால் குலுங்கியது. அதை முடிசூட்டு விழாவின் ஆரவாரமென்றே கொண்டு, வெற்றிக் களிறெனத் தலையசைத்தார் நம் தலைவர். திரும்பும் வழியில், உடன் வந்திருந்த மனைவி பொற்கொடி மெல்லச் சொன்னாள்.

"ஏனுங்க, அது கிண்டலுங்க. நஞ்சு, உண்டவங்கன்னு பிரிச்சுப் பாருங்க."

"அவரு நம்ம பேரப் பிரிக்கல அம்மணி. பரப்பிப்போட்டாரு."

பரப்பும் திருப்பணியைத் தாமும் மேற்கொண்டார். மகள் லோகப்பிரியாவின் திருமணத்தன்று, காரமடை மண்டபத்துப் பந்தி வாயிலில், தம் திருமுகம் யானையளவில் ஒளிர, ஃப்ளெக்ஸ் ஒன்றை ஏற்றினார்: "இங்கு உண்டவர் யாவரும் நஞ்சுண்டவரே."

பசியோடு பாய்ந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரும்படை, அகழி கண்ட குதிரைகளென அங்கே நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பொங்கியண்ணன் கைகூப்பினார்.

"ஏனுங்க சம்பந்தி, எதுலீங்க கலந்திருக்குது? சாம்பாருலீங்களா, பாயாசத்துலீங்களா?"

"எல்லாத்துலயும் நம்ம பேருதானுங்க கலந்திருக்குது. தைரியமா உக்காருங்க."

நல்ல நாளில் நஞ்சென்று எழுதிய வாசலை யார் தாண்டுவர்? "பசியில்லீங்க", "இப்பத்தானுங்க காப்பி குடிச்சோம்" எனப் பணிவுக் கணைகள் பறக்க, படை பின்வாங்கியது. விரித்த வாழையிலைகள் அத்தனையும் வெற்றிலைகளாயின. மணமேடையில் மகளின் கண்கள் கலங்கின.

பொற்கொடி சமையற்கட்டிலிருந்து அரிவாளோடு புறப்பட்டாள். நாற்காலி மேலேறிக் கயிற்றை வெட்டினாள். மண்ணில் சரிந்த யானைத் திருமுகத்தை மிதித்துக் கடந்து, முதல் இலையில் அமர்ந்து, ஊரார் பார்க்க ஒரு கவளம் உண்டாள். பொங்கியண்ணன் அடுத்த இலையில் அமர்ந்தார். அவர் பின்னே படை திரண்டது.

தரையில் கிடந்த எழுத்துகளை நெடிது நோக்கிய நஞ்சுண்டனாரின் உதடுகள், தம் பெயரை முதன்முறையாக இரண்டாகப் பிரித்து முணுமுணுத்தன. எவராலும் தகர்க்கவொண்ணா அறியாமைக் கோட்டை இடிந்து, அதன் செம்புழுதி காதுமடல் வரை படர, தலைகவிழ்ந்து சென்று கடைசி இலையில் அமர்ந்தார் அக்காவலர்.

சாம்பாரில் உப்பு கொஞ்சம் கம்மியாக இருந்தது.