விசில் அடித்தால் வணக்கம்

கராத்தே முழுதாகத் தெரிந்தவனைப் பார்த்து ஊரில் யாரும் பயப்படுவதில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைப் பார்த்துத்தான் அவன் வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கணபதி என்ற ஊரில் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. குளியலறை கட்ட இறக்கியிருந்த செங்கல், அம்மா குடத்தை மூடி வைக்கும் பலகை, பக்கத்து வீட்டு ஓடு என்று உடையக்கூடிய எதையும் நான் விட்டுவைக்கவில்லை. (உடையாததையும் முயன்றிருக்கிறேன். ஆட்டுக்கல்லிடம் மட்டும் தோற்றுப்போனேன்.)

இத்தனை பயிற்சியும் ராணுவத்துக்காக. சின்ன வயதிலிருந்தே எனக்கு ராணுவத்தின் மேல் பைத்தியம். தெருவில் யாராவது பச்சை நிறத்தில் சட்டை போட்டு வந்தால்கூட விறைப்பாக நின்றுவிடுவேன். ராணுவத்தில் சேர வேண்டுமென்றால் சண்டை தெரிந்திருக்க வேண்டும், சண்டை என்றால் கராத்தே என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். மோட்டார் பம்புக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு புரியவே இல்லை.

"ஏங்கண்ணு, பட்டாளத்துல துப்பாக்கி குடுப்பாங்களல்ல? அப்பறம் எதுக்குக் காலத் தூக்கிப் பழகற?"

"தோட்டா தீந்துபோச்சுன்னா என்னங்கப்பா பண்றது?"

"தீந்துபோனா அவங்களே வேற குடுப்பாங்க கண்ணு. கவர்மெண்டுதானே."

இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில்தான் எங்கள் வகுப்பு நடந்தது. வார்ப்புக்குப் பயன்படுத்திக் கழித்த கறுப்பு மணலைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டுக் குத்துவோம். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் கரி மூட்டம் போட்டவன் மாதிரி இருப்பேன். மாஸ்டர் தங்கமான மனிதர். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். எதைச் செய்வதற்கு முன்பும் இடுப்பிலிருந்து குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். அவர் விசில் அடிப்பார், நாங்கள் குனிவோம், நிமிர்ந்த பிறகுதான் சண்டை. சாக்கு மூட்டைக்கும் இதே மரியாதைதான்.

"ஏனுங்க, வணக்கம் வெக்காமக் குத்திப்போட்டீங்க? அந்த மூட்டை என்னுங்க நெனைக்கும்?" என்று ஒருமுறை உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

இதோடு எங்கள் ஊர் மரியாதையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா? "அடிக்கறனுங்க", "அடிங்க", "வலிச்சுதுங்களா?", "இல்லீங்க, இன்னொண்ணு அடிங்க" என்று எங்கள் சண்டை சம்பந்தி வீட்டு விருந்து போல நடக்கும். இப்படியே மூன்று வருடம் குனிந்து நிமிர்ந்து பிரவுன் பெல்ட் வரைக்கும் வந்துவிட்டேன். வகுப்பிலேயே அழகாகக் குனிபவன் நான்தான் என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்வார்.

வகுப்பிலேயே மோசமாகக் குனிபவன் என் நண்பன் குமரேசன். தலையை மட்டும் லேசாக ஆட்டிவிட்டு, நிமிர்வதற்குள் குத்திவிடுவான். மாஸ்டர் அவனை நொந்துகொள்ளாத நாள் கிடையாது. எந்த பஸ்ஸிலும் அது நிற்கும்போது ஏறிப் பழகாதவன் குமரேசன். துரத்திப் போய்த்தான் ஏறுவான். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் போவதென்று முடிவானது.

எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் வயது தாண்டிவிடும். அப்பா கோபப்படவெல்லாம் இல்லை. "போயிட்டு வா கண்ணு. கெடைக்கலைன்னா மட்டும் கம்முனு பட்டறைக்கு வந்துரோணும்," என்றார். சரி என்று தலையாட்டினேன். கிடைக்காமல் போகலாம் என்ற நினைப்பே என் மண்டையில் ஏறவில்லை. ஓட்டம் உண்டு என்று தெரிந்தும் ஒரு நாள்கூட ஓடிப் பழகவில்லை. "ஓடறது தோத்தவன் வேலைங்க," என்று மாஸ்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அன்று விடிவதற்குள் அப்பாவே மொபெட்டில் கூட்டிப்போனார். மைதானம் முழுக்கப் பையன்கள். அரை டவுசரும் வெறும் மார்புமாக, மார்பில் மையால் எழுதிய எண்ணோடு நின்றோம். நான் மட்டும் டவுசருக்கு மேல் பிரவுன் பெல்ட்டைக் கட்டியிருந்தேன். (அதிகாரிகள் கண்ணில் படட்டும் என்றுதான்.) தமிழ் தெரிந்த ஹவில்தார் ஒருவர் வந்து, "டவுசர் நிக்காதா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவிழ்க்கச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவிடம் பெல்ட்டைக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்து, காலைச் சாப்பாட்டுக்குச் சந்தவை கட்டிக் கொண்டுவந்திருந்த பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் ஓட்டம். மைதானத்தைச் சுற்றி நான்கு சுற்று. குறித்த நேரம் முடிந்ததும் குறுக்கே கயிறு பிடித்துவிடுவார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் அடுத்த சோதனைக்கு, இந்தப் பக்கம் நிற்பவர்கள் ஊருக்கு. எங்களை வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். கராத்தேக்காரன் பின்னால் நிற்கலாமா என்று முண்டியடித்து முன்வரிசைக்கு நடுவில் போய் நின்றேன். எனக்கு நேர் பின்னால் குமரேசன்.

ஹவில்தார் விசில் அடித்தார்.

நான் கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையில் ஒட்டி, இடுப்பிலிருந்து மிக அழகாகக் குனிந்தேன்.

முதலில் என் மேல் குமரேசன் விழுந்தான். அவன் மேல் யாரோ ஒருவன், அந்த ஒருவன் மேல் இன்னும் யார் யாரோ. லாரியிலிருந்து கரும்புக் கட்டு சரிந்த மாதிரி ஆனது. அடியில் கிடந்த எனக்கு ஆளாளுக்குத் திட்டுவதும், "அய்யோ என்ற மூக்கு" என்று குமரேசன் அலறுவதும் கேட்டது. எப்படியோ கையை ஊன்றி எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர்களை நிறுத்துவதற்காக ஹவில்தார் மறுபடி விசில் அடித்தார்.

மறுபடியும் குனிந்தேன். அப்போதுதான் எழுந்து, என்னை அடிக்க ஓடிவந்த ஒருவன் எனக்கு மேலாகப் பறந்துபோய் அந்தப் பக்கம் விழுந்தான்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மீசை வைத்த அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹவில்தார் கேட்டார்.

"என்னடா பண்ணுன?"

"வணக்கம் வெச்சனுங்க."

"யாருக்கு?"

அதை நான் யோசித்ததே இல்லை. "எல்லாத்துக்குந்தானுங்க," என்றேன்.

ஹவில்தார் அதை இந்தியில் சொன்னார். கராத்தே, மாஸ்டர், விசில் என்று நான் உளறியதையும் சேர்த்துச் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஏதோ கேட்டார். ஹவில்தார் அதைத் தமிழில் சொன்னார்.

"எல்லையில எதிரி வந்தா நாங்க விசில் அடிப்போம். அப்பவும் இப்படித்தானான்னு சாப் கேக்கறாரு."

நல்ல மனிதர்கள், துரத்திவிடவில்லை. எல்லோரையும் மறுபடி ஓடச் சொன்னார்கள். என்னைக் கடைசி வரிசைக்கும் பின்னால், தன்னந்தனியாக நிறுத்தினார்கள். "இவனுக்குப் பின்னாடி ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது," என்றார் ஹவில்தார்.

இந்த முறை விசில் அடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். (தலை மட்டும் லேசாகக் குனிந்ததை யாரும் பார்க்கவில்லை.) முட்டியில் தோல் வழன்று எரிந்தது. மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே குதித்துப் பழகிய கால்களுக்கு இடத்தைவிட்டு நகர்வதே புதிதாக இருந்தது. இரண்டாவது சுற்றில் மூச்சு இரைத்தது, மூன்றாவதில் கண் இருட்டியது. நான்காவது சுற்றில் கயிற்றுக்கு மிக அருகில் வந்துவிட்டேன். கைநீட்டினால் தொட்டுவிடலாம். அப்போது கயிற்றைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள்.

அந்தப் பக்கம் மூக்கில் ரத்தம் வழிய, முதல் ஆட்களில் ஒருவனாகக் குமரேசன் நின்றுகொண்டிருந்தான். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து அழுதேன். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு அந்தக் கயிற்றைப் போல நான் எதையும் வெறுத்ததில்லை. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டது ராணுவம் என்ற அந்த ஒன்றுக்குத்தான்.

வேலியோரம் போனேன். அப்பா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை கேலி இல்லை. பொட்டலத்தைப் பிரித்துச் சந்தவையைக் கையில் கொடுத்துவிட்டு, "மொதல்ல அந்தப் பையனுக்கு மூக்கு எப்புடி இருக்குதுன்னு கேட்டுப்போட்டு வா கண்ணு. அப்பறம் வந்து உண்ணு," என்றார்.

போய்க் கேட்டேன். குமரேசன் வேலிக்கு உள்ளே இருந்தே சிரித்தான். "நீ குனியலைன்னா நான் இத்தன வெறியா ஓடியிருக்க மாட்டன்டா. உன்னைய நெனச்சுட்டேதான் ஓடுனேன்," என்றான். எனக்குச் சிரிப்பதா, மறுபடி அழுவதா என்று தெரியவில்லை.

அவன் தேர்வாகிவிட்டான். நான் பேச்சு மாறாமல் பட்டறைக்குப் போனேன். செய்தி கேட்டு மாஸ்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் விசாரித்தார்.

"முதுகு நேரா இருந்துதுங்களா?"

"இருந்துதுங்க மாஸ்டர்."

"அப்ப நம்ம வகுப்பு மேல தப்பில்லைங்க."

குமரேசன் முதல் விடுமுறைக்கு வந்தபோது, ராணுவத்தில் கராத்தே உதவுகிறதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "தெரியும்னு வாயத் தொறந்து சொல்லிப்போட்டன்டா. இப்ப எந்த விழான்னாலும் கூரை ஓட்டை அடுக்கி வெச்சு ஒடைக்கச் சொல்றாங்க. ஆபீசருங்க ஊட்டுக் கொழந்தைங்கல்லாம் கை தட்டுது. சண்டைக்குன்னு ஒருத்தருங் கூப்புடலை," என்றான். கூடவே, "கீழ விழுந்தா அடிபடாம விழறதுக்கு மட்டும் ஒதவுது. அதுவும் வகுப்புல கத்துக்கிட்டதில்ல, உம்மேல விழுந்து கத்துக்கிட்டது," என்றான்.

சில வருடங்கள் கழித்து அவன் தங்கையையே கட்டிக்கொண்டேன். மச்சினன் விடுமுறை வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திருந்தான். தாலி கட்டி முடிந்தது. எல்லோரும் வாழ்த்த மேடையில் நெருக்கியடித்து நின்றார்கள். பெரியவர்கள் காலில் விழுங்கள் என்று எங்களிடம் சொன்னதுதான் தாமதம், குமரேசன் பரேடு மைதானக் குரலில் கத்தினான்.

"மாப்பிள்ள குனியப்போறாருங்க! பின்னாடி நிக்கறவங்கல்லாம் அக்கட்டால போங்க!"

பாதிப் பேருக்குக் கதை தெரியும். தெரியாத மீதிப் பேருக்கு அங்கேயே, நான் மாலையோடு பாதி குனிந்த நிலையில் நிற்க, விளக்கமாகச் சொன்னான். பந்தி தாமதமாகத்தான் ஆரம்பித்தது. இவ்வளவு காலமாகியும் கோயிலில் நான் சாமி கும்பிடக் குனிந்தால், என் மனைவி முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். ஆள் யாராவது நின்றால் நகரச் சொல்லிவிட்டுத்தான் அவள் கண்ணை மூடுவாள்.