இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாத எண்

என் அன்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலான அச்சத்துக்கும் உரிய மருமகளுக்கு,

ஒரு சொட்டு மின்சாரமும் தராத பதினாறு சோலார் தகடுகளின் ஏகபோக அதிபதியும், உன் அம்மாவுக்கு அண்ணனாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக நீ தனியாகத் தகடு மாட்டிய முதல் கூரையைத் தலைமேல் தாங்குபவனுமாகிய மாமா எழுதுவது. நான் சுகம். உன் அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது, ஆகையால் மிகவும் சுகம். வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும் மட்டும்தான். நீயும் சுகமென்றே வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்து முடிக்க உனக்குத் தெம்பு இருக்காது.

உன் கடிதம் கிடைத்தது. சோலார் உரிமத்துக்கான செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டாய், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாய், செல்போன் கடையில் வேலைக்குச் சேரப்போகிறாய். "எல்லாம் நல்லாத்தான் மாட்டியிருக்கேன் மாமா, யார்கிட்டயாவது ஒரு கையெழுத்த வாங்கி சுவிட்சப் போட்டுருங்க" என்றும் எழுதியிருந்தாய். மருமகள் சொல்லை நான் என்றைக்குத் தட்டினேன்? உடனே மின்சார அலுவலகத்துக்குப் படையெடுத்தேன். அங்கே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்த எழுத்தர் நிமிராமலே சொன்னார்:

"வீட்டு வயரிங் லைசென்ஸ் ஒண்ணு. அதுக்கு மேல சோலார் படிப்பு. அப்புறம் விவரம் தெரிஞ்சவங்க கண்ணு முன்னாடி பத்துக் கூரையில மாட்டிக் காட்டணும். கடைசியா செய்முறைப் பரீட்சை. நாலும் முடிச்சவங்களுக்கு ஒரு நம்பர் குடுப்போம். அந்த நம்பர் இல்லாம போடறது கையெழுத்து இல்ல, கிறுக்கல்."

"எனக்கு அறுபத்தெட்டு வருஷ அனுபவம் இருக்கே."

"வயசுக்கெல்லாம் நம்பர் குடுக்கறதில்ல ஐயா."

அதன் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் தபால்காரர் தூக்கமுடியாமல் முதுகு ஒடிந்துபோவார். கையெழுத்துப் போட முதலில் வந்தவர் பதினோரு சான்றிதழ்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்தார், பதினொன்றும் குளிர்சாதனப் பெட்டிக்கு. அடுத்தவர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், நான் கீழ இருந்தே கையெழுத்துப் போட்டா ஆகாதா?" என்றார், ஆகாது என்றதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். மூன்றாமவர் வரவே இல்லை, மூவரில் அவர்தான் மரியாதைக்காரர்.

செவ்வாய்க்கிழமை சரியாக நடுப்பகல். பேய்க்குக்கூட வெளியே வர மனம் வராத வெயில். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில். மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன், ஆனால் பூனை பூட்ஸ் போடாது. ஏறிப்போய்க் கதவைத் திறந்தால், தலைக்கவசமும் முகமறைப்பும் கையுறையுமாக ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகடுகளின் அருகே குந்தியிருக்கிறாள்.

"எப்படிம்மா வந்தே?"

"ஏணி வச்சுத்தான் மாமா."

எட்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் சுவர்தான் இருந்தது, ஏணி இல்லை. அவளுக்கு நிழலும் இல்லை. உச்சி வெயிலில் யாருக்குத்தான் நிழல் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, குனிந்து என் காலடியைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் இருந்தது.

அவள் மாடியிலிருந்த சின்னச் சுவிட்சை அணைத்து, தகடுகளிலிருந்து கீழே போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். டெஸ்டரை ஒரு சின்ன பேட்டரியில் வைத்தாள், எரிந்தது. அந்தச் சுவிட்சிலிருந்து கீழே போகும் கம்பியில் வைத்தாள், எரியவில்லை. திரும்பவும் பேட்டரியில் வைத்தாள், எரிந்தது.

"அதான் பாத்தாச்சே, மூணாவது தடவை எதுக்கும்மா?"

"கம்பியில உயிரில்லன்னு டெஸ்டர் சொல்லுது. டெஸ்டருக்கே உயிர் போயிருந்தா அதை யார் சொல்றது? இந்த மூணாவது தடவையத்தான் நான் பரீட்சையில ரெண்டு வாட்டியும் விட்டேன்." பிறகு தகட்டை மெல்லத் தடவினாள். "சுவிட்ச அணைச்சா இது செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. வெயில் இருக்கிற வரைக்கும் மேல உயிரோடதான் இருக்கும். நாம பாக்கலன்னாலும்."

மருமகளே, அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. இரண்டாம் வரிசை மூன்றாம் தகட்டைக் காட்டி, "இங்க கனெக்டர் பாதிதான் மாட்டியிருக்கு. சுவிட்சப் போட்டா இங்கதான் தீப்பிடிக்கும். இது என் கைத்தப்பு மாமா, நான்தான் வந்து சரி பண்ணணும்" என்றாள். கீழே வந்து மெயின் சுவிட்சில் 'தொடாதே' என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டினாள். அதில் தன் எண்ணையும் எழுதினாள்: 4417. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் காணோம். வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

மறுநாள் எண்ணை எழுத்தரிடம் சொன்னேன். பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். "இப்பத்தான் நாலாயிரத்து நானூத்தி ஒம்பது வரைக்கும் வந்திருக்கோம். இந்த நம்பர் இன்னும் பொறக்கவே இல்லையே ஐயா" என்றவர், அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

இனி நான் விளக்க வேண்டியதில்லை. பரீட்சை மூன்று வாரத்தில் வருகிறது, விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். செல்போன் கடை எங்கும் ஓடிப்போகாது. உன் கைராசி ஓங்கட்டும், உன் டெஸ்டருக்கு ஆயுள் கெட்டியாக இருக்கட்டும், உன் அம்மாவுக்கு என் மேலுள்ள கோபம் இந்த வருடமாவது தணியட்டும்.

இப்படிக்கு,
இருட்டிலும் ஒளிவீசும் உன் மாமா

பி.கு.: இதை எழுதி முடித்ததும் மனசாட்சி உறுத்துகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. அன்று நான் நன்றாகத் தூங்கினேன். எழுத்தரை இரண்டாம் முறை பார்க்கவும் இல்லை. உன்னை எப்படியாவது பரீட்சைக்கு அனுப்ப நான் கட்டிய கதைதான் எல்லாம். பரீட்சையில் நீ எதை விட்டாய் என்பது உன் அம்மா சொல்லித் தெரியும். 4417 என் பழைய சைக்கிள் பூட்டின் எண். அது உன் அத்தைக்குக்கூடத் தெரியாது. பொய் சொன்னாலும் கணக்காகச் சொல்லவேண்டுமே, இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக ஒரு தகடு இருக்கிறதா என்று பார்க்க இப்போதுதான் மாடிக்குப் போனேன். இருக்கிறது. அதன் கனெக்டர் பாதி கழன்று தொங்குகிறது. தொடவில்லை. கீழே வந்தேன். காலையில் வெறுமையாக இருந்த சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டை கட்டியிருக்கிறது. அதில் நான்கு இலக்கம். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு, நீ சின்ன வயதிலிருந்து போடுவாயே, அதே கோடு.

சுவிட்சைத் தொடமாட்டேன். நீ சீக்கிரம் நம்பரோடு வா. வாசல் வழியாக வா.